காணிக்கையை எண்ணும் கைகள்

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸில் காலை நடைக்கு வருகிறவர்கள் தினமும் கடந்துபோகிற கட்டடம் ஆல் சோல்ஸ் சர்ச். 1872-இல் ஊரிலிருந்த ஐரோப்பியர்களுக்காக எழுந்த ஆங்கிலிகன் ஆலயம் அது. கோவை நகராட்சி ஏற்பட்டு ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. ரயில் போத்தனூர் வரைதான் வந்திருந்தது. பஞ்சாலைகள் தலைகாட்டவில்லை. கலெக்டர், நீதிபதி, தோட்ட முதலாளிகள், அவர்கள் குடும்பங்கள் என்று சிறிய கூட்டமொன்று ஞாயிறு தோறும் கூடிக் கலைந்த இடம். சென்னைப் பேராயராக அப்போது இருந்தவர் பிரடெரிக் கெல். கொங்கு மண்ணில் இருந்த ஆங்கிலிகன் ஆலயங்கள் எல்லாம் அன்று அவருடைய ஆளுகைக்குள்தான் வந்தன.

ஆலயத்தைப் பார்த்து வியக்கிறவர்கள் அதன் கூம்பு வளைவுகளைச் சொல்வார்கள், அமைதியைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற கேள்வி வேறு. இந்த ஆலயத்தை யார் நடத்தினார்கள், யார் பணத்தில் நடத்தினார்கள்?

பிரிட்டிஷ் ஆட்சியில் ஆங்கிலிகன் சபைக்கு அரசாங்கத்திலேயே ஒரு துறை இருந்தது. ராணுவத்துக்கும் அதிகாரிகளுக்கும் ஆராதனை நடத்த 'சாப்ளின்' என்ற பெயரில் குருமார்களை அரசே நியமித்தது. சம்பளமும் அரசுக் கஜானாவிலிருந்து போனது. கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கோவை மாவட்டத்தில் சோளமும் பருத்தியும் விதைத்த குடியானவர் கட்டிய கிஸ்தியும் அதில் சேர்த்தி. அந்தக் குருவின் பெயரைக்கூட அறியாத ஒரு விவசாயியின் வரியும் அவருடைய சம்பளத்தில் கலந்திருந்தது. குருவுக்குத் துணையாக ஆங்கில வழக்கப்படி 'வார்டன்' என்ற பொறுப்பில் சபையாரில் இரண்டு பேர் இருப்பார்கள். கட்டடம், காணிக்கை, ஒழுங்கு எல்லாம் அவர்கள் கவனிப்பு. பெரும்பாலும் அவர்களும் உத்தியோகஸ்தர்களே. ஆட்சியும் ஆலயமும் ஒரே கையில் இருந்த காலம் அது.

ஆல் சோல்ஸ் கட்டப்படுவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே இதே ஊரில் வேறொரு விதமான கிறிஸ்தவம் வேர்விட்டிருந்தது. 1830-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டபிள்யூ.பி. ஆடிஸ் கோவைக்கு வந்தார். அந்த மிஷனின் தமிழ்ச் சபைதான் இன்று உப்பிலிபாளையத்தில் இம்மானுவேல் ஆலயமாக நிற்கிறது. லண்டன் மிஷனாரின் மரபில் பேராயர் கிடையாது. சபையார் கூடி முடிவெடுப்பார்கள். தங்களுக்குள் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் நிர்வாகம் பார்ப்பார்கள். ஈரோட்டில் ஏ.டபிள்யூ. பிரப், கர்நாடக சங்கீதம் கற்றுக் கதாகாலட்சேபம் செய்த எச்.ஏ. பாப்லி போன்றவர்கள் எல்லாம் இந்த மரபில் வந்தவர்கள். ஆக ஒரே ஊரில் இரண்டு ஏற்பாடுகள்: ரேஸ் கோர்ஸில் மேலிருந்து நியமனம், உப்பிலிபாளையத்தில் கீழிருந்து தேர்வு.

இரண்டும் சேர்ந்தது எப்படி என்பதுதான் இந்தக் கதையின் உயிர். 1930-இல் இந்திய ஆங்கிலிகன் சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து சட்டப்படி பிரிந்து தனி நிர்வாகம் பெற்றது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பேராயர்களை வைத்திருந்த சபையும் பேராயரே வேண்டாம் என்ற சபைகளும் ஒன்றாவது அன்று உலகிலேயே புதுமை. அதுவரை பேராயரின் கையால் அபிஷேகம் பெறாத குருமார்களையும் புதிய திருச்சபை அப்படியே ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் இதற்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது.

1950-இல் அந்தத் திருச்சபையின் கோவை திருமண்டலம் உருவானது. முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்தவர். அவருடைய தந்தை சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். அப்பாசாமி ஹார்வர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கத்தோடு வைத்து ஆராய்ந்தவர். ஆங்கிலிகன் மரபில் வளர்ந்த இந்த அறிஞரை, பேராயர் என்ற பதவியையே அறியாத லண்டன் மிஷன் சபைகள் நிறைந்த கொங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். 1959 வரை அவர் பொறுப்பில் இருந்தார். ரேஸ் கோர்ஸிலேயே இன்று அவர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. இரண்டு மரபுகளையும் ஒரே குடும்பமாக்கும் வேலை எத்தனை பொறுமையைக் கேட்டிருக்கும்! கையெழுத்துப் போட்டால் சபைகள் இணைந்துவிடுவதில்லை. யார் சாவியை வைத்திருப்பது, யார் கணக்குப் பார்ப்பது என்ற சின்ன விஷயங்களில்தான் இணைப்பு நிஜமாகிறது.

இன்றைய ஏற்பாட்டில் இரண்டு மரபும் இருக்கின்றன. சபையின் குருவான ஆயரை நியமிப்பது பேராயர்; சபை தனக்கு வேண்டியவரை வைத்துக்கொள்ள முடியாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறுதல் வரும். கோடை விடுமுறையில் ஆயர் குடும்பம் சாமான்களை லாரியில் ஏற்றுவதும், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளியில் இடம் தேடுவதும் திருமண்டலத்தில் பழகிப்போன காட்சி. ஆனால் சபையின் நிர்வாகத்தை ஆயர் தனியாகச் செய்ய முடியாது. சபையார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குருசேகரக் குழு உண்டு. ஆயர் அதன் தலைவர், செயலரும் பொருளாளரும் சபையாரிலிருந்து. சந்தா செலுத்தி, திருவிருந்தில் பங்குபெறும் உறுப்பினருக்குத்தான் வாக்கு. அன்று குடியானவனின் கிஸ்தியில் நடந்த சபை, இன்று உறுப்பினரின் சந்தாவிலும் காணிக்கையிலும் நடக்கிறது. பணம் யாருடையதோ, கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுடையது.

ஆயரின் வேலையை ஞாயிறு பிரசங்கத்தை வைத்து அளக்கிறவர்கள் அதிகம். வாரத்தின் மற்ற நாட்களைப் பாருங்கள். ஜி.எச்.சிலிருந்து இரவில் போன் வரும், ஒரு வீட்டில் உயிர் பிரியும் நேரம் என்று. மறுநாள் அடக்க ஆராதனை. அதற்கடுத்த நாள் ஒரு வீடு பிரதிஷ்டை. இடையில் திருமணம் பேச வந்த இரண்டு குடும்பங்கள். திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்க மூன்று ஞாயிறு வேண்டும் என்று அவர்களுக்கு விளக்க வேண்டும். ஆல் சோல்ஸ் எழுந்த அதே 1872-இல் வந்த இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆயர் போடும் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு; பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழை விழுந்தால் முப்பது வருஷம் கழித்துப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒருவர் அலைய வேண்டியிருக்கும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என்று சபையின் பதிவேடுகளை அடுக்கினால் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை வரலாறு வரிசையாக வரும்.

செயலரும் பொருளாளரும் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்ல. ஓய்வுபெற்ற வங்கி ஊழியராகவோ, மில்லில் கணக்கு எழுதியவராகவோ, பள்ளி ஆசிரியராகவோ இருப்பார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஆலயத்தின் பக்க அறையில் காணிக்கைப் பைகள் கவிழ்க்கப்படும். தனியாக ஒருவர் எண்ணக் கூடாது என்பது நல்ல சபைகளில் எழுதாத சட்டம். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, நோட்டு தனியாக, சில்லறை தனியாக அடுக்கி, கவர்களில் இருக்கும் சந்தாவையும் ஸ்தோத்திரக் காணிக்கையையும் பெயர் பார்த்துப் பதிவு செய்து, எண்ணியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். திங்கட்கிழமை வங்கியில் கட்டியாக வேண்டும். அந்தத் தொகையில் திருமண்டலத்துக்குப் போக வேண்டிய பங்கு, கரண்ட் பில், ஆர்கன் ரிப்பேர், ஏழை மாணவனுக்குக் கல்விக் கட்டணம் எல்லாம் வர வேண்டும். அறுப்பின் பண்டிகை வந்தால் வேலை இரட்டிக்கும். வாழைத்தார், தேங்காய், கோழி, பூசணிக்காய் என்று படைக்கப்பட்டதை ஏலம் விட்டு, கேட்டவர் பெயரையும் தொகையையும் அங்கேயே எழுதி, பிறகு வசூலிக்க வேண்டும். கொங்கு நாட்டு ஊர்களில் பண்டிகைக்கு விளைச்சல் கொண்டுவருகிறவர்கள் நிஜமாகவே நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அந்தப் பூசணிக்காயின் ஏலத்தொகையைச் சரியாக எழுதுவதும் ஊழியம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நகரத்துச் சபையின் வசதி கிராமத்துக்குக் கிடையாது. ஓர் ஆயருக்குப் பல ஊர்ச் சபைகள். எல்லா ஞாயிறும் எல்லா இடத்துக்கும் அவர் போக முடியாது. போகாத ஊரில் உபதேசியாரோ, வாசிக்கத் தெரிந்த சபையார் ஒருவரோ ஆராதனையை நடத்துவார். திருவிருந்து மட்டும் ஆயர் வரும் நாளுக்குக் காத்திருக்கும். இந்த ஊர்ச் சபைகளில் கணிசமானவை தலித் மக்களின் சபைகள். கோவை திருமண்டலம் பிறந்த அதே 1950-இல்தான் பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணையும் வந்தது. கிறிஸ்தவரான தலித்துகள் அதன் சலுகைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். இழந்ததை அறிந்தே சபையில் நிற்கிற மக்கள் அவர்கள். திருமண்டலப் பேரவையில் அவர்களுடைய பிரதிநிதி பேச எழும்போது நகரத்துப் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்பதை வைத்துத்தான் நான் ஒரு திருமண்டலத்தை எடைபோடுவேன்.

தேர்தலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் சபைத் தேர்தலில் அணிகள் சேர்வதும், வாக்காளர் பட்டியலுக்காகச் சண்டை வருவதும், வழக்கு நீதிமன்றம் போவதும் தென்னிந்தியத் திருச்சபையில் புதிதல்ல. பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தம்கூட நீதிமன்றப் படியேறியது. ஆலயங்களோடு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் என்று சொத்து சேர்ந்திருப்பதால் பதவிக்கு விலை வந்துவிட்டது. இதற்கு மருந்து மேலேயிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் பொருளாளராக இருக்கக் கூடாது. காலாண்டுக்கு ஒருமுறை வரவுசெலவை ஆராதனைக்குப் பின் சத்தமாக வாசிக்க வேண்டும். கேள்வி கேட்கிறவரை விரோதியாகப் பார்க்கக் கூடாது. இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், ஒரு குருசேகரக் குழு மனசு வைத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்தது. இங்கிலாந்துத் திருச்சபை அந்த முடிவுக்கு வர 1990-கள் ஆயின. 2013-இல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். பலிபீடத்தில் திறந்த கதவு பக்க அறையில் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் விற்பனை விழாவில் ஒரே நாளில் பணியாரம், ஊறுகாய், தைத்த துணி எல்லாவற்றையும் விற்று, பைசா பிசகாமல் கணக்கு ஒப்படைக்கிறார்கள் பெண்கள். அதே சபையில் குருசேகரப் பொருளாளர் என்றதும் ஆண்களின் பெயர்களே முன்மொழியப்படுகின்றன. வருகிற தேர்தலில் கோவையிலும் ஈரோட்டிலும் தாராபுரத்திலும் உள்ள சபைகள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.