ஏற்றமும் இறக்கமும்: மலைநாட்டு விளையாட்டாளர்க்குச் சில பயிற்சிக் குறிப்புகள்

எமது மலைநாட்டிலே சமதரை அரிய பொருள். லயத்தினின்று பாடசாலைக்கும், பாடசாலையினின்று கடைவீதிக்கும், கொழுந்து மலையினின்று மடுவத்துக்கும் செல்வோர் ஏறவேண்டும், அன்றேல் இறங்கவேண்டும். ஹற்றன் நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இத்தகைய நிலத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு உடற்பயிற்சி எதற்கு என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும், தைப்பொங்கல், தீபாவளிக் காலங்களில் தோட்டங்களுக்கிடையே நிகழும் போட்டிகள் முடிந்தபின் முழங்கால் வீங்கியோரையும் கணுக்கால் பிசகியோரையும் நாம் காணாத ஆண்டில்லை. நாட்கூலியால் வாழும் குடும்பத்திலே உழைக்கும் இளைஞனொருவன் ஆறு கிழமை படுத்துவிட்டால் அக்கால்நோவு வீட்டின் அடுப்பையுந் தாக்கும். தமிழாசிரியர் இதை எழுதப் புகுந்தமை குறித்து நகைப்போர்க்கு ஒரு சொல்: மலையகத்துச் சிறு பாடசாலைகளிலே இலக்கண நூலும் விளையாட்டு ஊதுகுழலும் பெரும்பாலும் ஒரே கையில்தான் இருக்கும்.

கால் கெடுவது ஏறும்போதா, இறங்கும்போதா என்பதிலிருந்து தொடங்குவோம். நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளைக் கடக்கின்றனர். டிசெம்பர்ப் பூரணை தொட்டு வெசாக் பூரணை வரையுள்ள பருவகாலத்தில் இரவோடிரவாக ஏறி, ஞாயிற்றின் உதயங் கண்டு, காலையில் இறங்குவது வழக்கம். ஏறுங்கால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வீட்டு வாசற்படியில் இறங்கவும் மாட்டாமல் சுவரைப் பற்றச் செய்வது இறக்கமேயாகும்.

காரணம் இது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகின்றது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்கி, வீழ்ச்சிக்குக் கடிவாளமிடுகின்றது. கிணற்று வாளியை இழுப்பது ஒரு தொழில். நிறைந்த வாளியைக் கயிறு நழுவாமல் மெல்ல மெல்ல இறக்குவது வேறொரு தொழில். இவ்விரண்டாவது தொழிலில் பழக்கமில்லாத தசையின் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. நோவு உடனே தோன்றாது. 24 மணி முதல் 72 மணிக்குள் உச்சமடைந்து, பின்னர் தானே தணியும். வியக்கத்தக்கது என்னவெனின், ஒருமுறை இவ்வாறு நொந்து தேறிய தசை, அடுத்த சில கிழமைகளில் அதேயளவு இறக்கத்துக்கு அத்துணை நோவதில்லை. ஆதலின், யாத்திரைக்கோ ஓட்டப் போட்டிக்கோ ஆயத்தமாவோர் மேட்டில் ஓடிப் பழகுவதோடு நில்லாது, இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே சிறு சரிவுகளில் இறங்கியும் பழகல் வேண்டும். எம் மாணவர் பலர் ஏற்றத்தையே பயிற்சியென எண்ணி, இறக்கத்தை இளைப்பாறுதலாகக் கொள்கின்றனர்.

இறங்கும் முறையைக் கற்க நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. கொழுந்து நிறைந்த கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கி, மழையில் வழுக்கும் மலைப்பாதையில் மடுவத்தை நோக்கி வரும் பெண்களை நோக்குக. அவர்கள் நீண்ட அடி வைப்பதில்லை. செங்குத்தான இடங்களில் நேரே இறங்காது சற்றே குறுக்காகத் திரும்பி, முழங்காலை விறைப்பாக நிறுத்தாமல் சிறிது வளைத்து, பாதத்தை உடலுக்கு நெருக்கமாக ஊன்றி வருகின்றனர். முழங்காலுக்கு மிகுந்த அதிர்ச்சி தருவது, முன்னே நெடுக நீட்டிய விறைத்த காலின் குதியடியாகும். இப்பெண்கள் எந்தப் பயிற்சிக் கழகத்திலும் பெயர் பதிந்தவர்களல்லர். எனினும் அவர்தம் தொழிலை நாம் உடற்பயிற்சியெனப் புகழ்ந்துவிடலாகாது. பயிற்சிக்குப் பின் ஓய்வுண்டு. சுமை படிப்படியாக உயரும். அவர்களுக்கோ சுமை கொழுந்தின் விளைச்சலால் அமைகின்றது. கழுத்தும் தோளும் நொந்தாலும் மறுநாட் காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும்.

இனி, வலுவூட்டும் பயிற்சி. சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் என்பதே இதன் உயிர்நிலை. இரண்டாம் உலகப் போரின்போது முழங்கால் காயமுற்ற போர்வீரரைப் பேணிய அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம் என்பவர், இலேசான அசைவுகளையே பன்முறை செய்விக்கும் வழக்கத்தை விடுத்து, கனமான பாரத்தைச் சில முறைகளே தூக்கச் செய்து, பாரத்தை முறையாக உயர்த்திச் சென்றார். 1945ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இம்முறையே இன்றைய வலுப்பயிற்சிக்கெல்லாம் அடிப்படையாயிற்று. எமது முன்னோரின் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இவ்வழிக்கு எளிதில் இயைவன. இரும்புப் பாரம் வாங்க வசதியில்லையெனில், பாதியளவு மண் நிரப்பிய சாக்கொன்று போதும். கிழமைதோறும் ஒரு சிரட்டை மண் கூட்டுக.

பஸ்கி எடுக்குங்கால் பாதம் முழுவதும் நிலத்திற் படியவேண்டும். குதி மேலெழலாகாது. கதிரையொன்றில் அமரப்போவதுபோல் இடுப்பைப் பின்னே தள்ளி இறங்கவேண்டும். முழங்கால்கள் பாதவிரல்களின் திசையையே நோக்கவேண்டும்; ஒன்றையொன்று முட்டுவதுபோல் உள்ளே சாயும் முழங்காலே பெரும்பாலும் பின்னர் காயமுறும் முழங்கால். சாக்கை நிலத்தினின்று எடுக்கும்போது அதை உடலோடு அணைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடித்து எழுக. தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகாது, பாதங்களையே திருப்புக. தேயிலை மூட்டை தூக்குவோர்க்கும் இதுவே விதி. மூச்சை அடக்கிக்கொண்டு முக்குதல், சிறப்பாக நாற்பது கடந்த பழைய மாணவர்க்கு, நன்றன்று. தசை சில கிழமைகளில் வலுப்பெறும். அதனை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ மெதுவாகவே வலுப்பெறும். வலிமை வந்துவிட்டதென்ற மகிழ்ச்சியில் பாரத்தைத் திடீரெனக் கூட்டுவோர் தசைநாணிற் காயமுறுவது இதனாலேயே. கிழமையில் இரண்டு நாளாயினும் வளர்ந்தோர் வலுப்பயிற்சி செய்யவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. இடையே ஒரு நாளேனும் ஓய்வு விடுவது சாலச் சிறந்தது.

உயரமும் குளிரும் பற்றிச் சிறிது. நுவரெலியாவில் வளியமுக்கம் கடற்கரையிலுள்ளதிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. கொழும்பிலிருந்து வரும் அணியினர் முதற் பாதியிலேயே இளைப்பது அதனாலேயே. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா நடைபெற்ற மெக்சிக்கோ நகரின் உயரம் ஏறத்தாழ 2,240 மீற்றர். அஃது எமது சிவனொளிபாதமலையின் உச்சியுயரத்துக்கு ஒப்பானது. அங்கே 10,000 மீற்றரில் கென்யாவின் நப்தலி தெமுவும், 1,500 மீற்றரில் அந்நாட்டுக் கிப் கெய்னோவும், மரதனில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும் பொன் வென்றனர். மூவரும் உயர்நிலத்து மக்கள். எம் பிள்ளைகளுக்கும் நெடுந்தூர ஓட்டம் ஏற்றதே என்பது எமது துணிபு. ஆனால் பனிமூடிய காலையில் குளிர்ந்த தசையோடு விரைந்தோடத் தொடங்கலாகாது. பத்து நிமிடமாயினும் நடந்தும் மெல்ல ஓடியும் உடலைச் சூடாக்கி, பின்னர் காலையும் தோளையும் வீசி அசைத்துப் பழகுக. அசையாது நின்று நெடுநேரம் தசையை நீட்டிப்பிடிப்பது, சிறிது நேரத்துக்குத் தசையின் விசையைக் குறைக்கும். அதனைப் பயிற்சியின் இறுதிக்கு வைப்பதே நன்று.

கரப்பந்தாட்டம் 1991இல் இந்நாட்டின் தேசிய விளையாட்டாயிற்று. சிறு தரையும் ஒரு வலையும் போதுமாதலால் தோட்டங்களில் அது மிக விரும்பப்படுகின்றது. அதில் கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் வலையருகே குதித்து, பிறன் பாதத்தின்மீது இறங்குவதால். எழும்பி அடிக்கக் கற்பிக்கும் நாம் இறங்கக் கற்பிப்பதில்லை. இரு காலிலும் ஒருங்கே, முழங்கால் மடித்து, ஓசையின்றி இறங்கப் பழக்குக. ஒற்றைக் காலில் அரை நிமிடம் ஆடாது நிற்கவும் பழக்குக. இத்தகைய எளிய பயிற்சிகளை உதைபந்தாட்டத்துக்கு முந்திய இருபது நிமிடங்களில் செய்வித்தபோது, நோர்வே நாட்டு மாணவியரிடையே காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

உணவைப் பேசாது பயிற்சியைப் பேசுதல் அறமன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் அளவில் வயதுக்கேற்ற உயரமற்றோர். நாடளாவிய அளவு 17. ரொட்டியும் சம்பலும் உண்டு, சீனியிட்ட தேநீர் பருகி மாலையில் மைதானத்துக்கு வரும் மாணவனிடம் மேலும் இருபது பஸ்கி எடு என்பது எளிது. பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி இவற்றுள் ஒன்றேனும் அன்று அவனுக்குக் கிடைத்ததா என முதலிற் கேட்க வேண்டும். விழாவை முன்னிட்டுக் கேடயங்கள் வழங்க முன்வரும் பழைய மாணவர்கள், அதிற் பாதிப் பணத்தை அவித்த கடலைக்குத் தந்தால் நாம் மறுக்கமாட்டோம்.

காயமுற்றபின் செய்யத்தக்கது யாது? புதிதாய் வீங்கிய மூட்டை எண்ணெயிட்டு உருவிச் சுளுக்கெடுப்பது எமது ஊர்வழக்கு. எலும்பு முறிந்திருப்பின் அதனால் பெருங்கேடு விளையும். முறியாவிடினும் வீக்கம் மிகும். மூட்டுக்கு ஓய்வு கொடுத்து, துணியால் அளவாகச் சுற்றி, நெஞ்சுமட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பதே முதலுதவி. பனிக்கட்டி நோவைத் தணிக்கும். ஆயின் அதனை முதலுதவி விதிகளுள் ஒன்றாக 1978இல் வகுத்த கேப் மேர்க்கின் என்னும் அமெரிக்க வைத்தியரே, அது குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் எனப் பிற்காலத்தில் எழுதினார். கணுக்கால் பிசகியவன் நான்கு அடி எடுத்துவைக்க மாட்டானாயின், அல்லது கணுவெலும்பை அழுத்த நொந்தால், எக்ஸ்ரே படம் எடுக்கும் மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்க. முழங்காலில் 'டக்' என்ற ஓசை கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் உள்நாண் அறுந்திருக்கலாம். அதற்கும் வைத்தியரையே நாடுக. மீண்டும் ஆடத் தொடங்குங்காலத்தை நோவு நின்றதைக் கொண்டு முடிவுசெய்யற்க. நொண்டியாட்டத்திற்போல நல்ல காலில் எவ்வளவு தூரம் தாவ முடிகின்றதோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் நோயுற்ற காலிலும் தாவ முடியும்வரை களத்தின் புறத்தே நிற்க.