புளூஸ் இசையில் தன்பாலீர்ப்புப் பெண்கள்

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான பாடல் வடிவம் ஆகும். ஜாஸ், ராக் முதலிய பிற்கால வெகுசன இசைகளுக்கு இதுவே வேராக அமைந்தது. 1920களில் இவ்விசையின் முன்னணிப் பாடகர்களாக விளங்கியவர்கள் பெண்கள். மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித், ஆல்பர்ட்டா ஹண்டர், கிளாடிஸ் பென்ட்லி ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இந்நால்வரும் பெண்களிடம் காதல் கொண்டிருந்தவர்கள் என்பது அவர்களின் வாழ்க்கை வரலாறுகளால் அறியப்படுகிறது. வெகுசன இசையில் தன்பாலீர்ப்புப் பெண்களின் வரலாறு அண்மைக்காலத்தில் தொடங்கியதன்று என்பதற்கு இவர்களின் வாழ்க்கை சான்றாகும்.

பின்னணி

1920ஆம் ஆண்டு மாமி ஸ்மித் பாடிய 'கிரேசி புளூஸ்' இசைத்தட்டு பெரும் விற்பனை கண்டது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை உணர்ந்த நிறுவனங்கள், அவர்களுக்கெனத் தனி வரிசைகளை வெளியிடத் தொடங்கின. கூடார அரங்குகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் பாடி வந்த கறுப்பினப் பெண்களுக்கு இதனால் ஒலிப்பதிவுக் கூடங்களின் கதவு திறந்தது.

இப்பாடகிகள் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தினர். சொந்த வருமானமும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட பயண வாழ்க்கையும் அக்காலப் பெண்கள் பலருக்குக் கிட்டாத தன்னுரிமையை அவர்களுக்கு அளித்தன. வறுமை, சிறை, குடி, கணவனின் அடி, காமம் என எதையும் மறைக்காமல் பாடுவது புளூசின் இயல்பு. ஆகவே, வேறு இசை வடிவங்களில் பேச இயலாத செய்திகளுக்கும் அதில் இடம் இருந்தது.

மா ரெய்னி

'புளூசின் தாய்' எனப் போற்றப்படும் மா ரெய்னியின் இயற்பெயர் கெர்ட்ரூட் பிரிஜெட். 1904இல் வில் ரெய்னியை மணந்து, அவருடன் இணைந்து நிகழ்ச்சிகள் நடத்தினார். 1923 முதல் 1928 வரை பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ஏறத்தாழ 100 பாடல்களைப் பதிவு செய்தார்.

அவர் 1928இல் பாடிய 'புரூவ் இட் ஆன் மீ புளூஸ்' இத்துறையில் முக்கியமான ஆவணம். பெண்களையே விரும்புபவளாகவும் ஆணுடை அணிபவளாகவும் தன்னைக் கூறிக்கொள்ளும் ஒருத்தி, முடிந்தால் அதை மெய்ப்பித்துக் காட்டுங்கள் என ஊராருக்குச் சவால் விடுவதாக அப்பாடல் அமைந்துள்ளது. நிறுவனம் இதை மறைக்கவில்லை. ஆண்களின் தொப்பியும் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த பெண் ஒருத்தி வேறு பெண்களுடன் பேசிக்கொண்டிருக்க, காவலர் ஒருவர் தொலைவில் நின்று கண்காணிப்பது போன்ற படத்துடனேயே விளம்பரம் வெளியிட்டது.

பெஸ்ஸி ஸ்மித், ஆல்பர்ட்டா ஹண்டர்

ஆல்பர்ட்டா ஹண்டர், லவி ஆஸ்டின் ஆகிய இருவரும் இயற்றிய 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' பாடலை 1923இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடியே பெஸ்ஸி ஸ்மித் புகழ் பெற்றார். அவர் தம் குழுவைச் சேர்ந்த பெண்களுடன் உறவு கொண்டிருந்ததையும், அதனால் கணவருடன் ஏற்பட்ட மோதல்களையும் கிறிஸ் ஆல்பர்ட்சன் 1972இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல் விரிவாகக் கூறுகிறது. 1937இல் சாலை விபத்தில் அவர் இறந்தார். 1970 வரை அவரது கல்லறையில் பெயர்க்கல் இல்லை. அதை நிறுவப் பொருளுதவி செய்த இருவருள் ஒருவர், ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். அவரும் பெண்களைக் காதலித்தவரே.

ஹண்டர் வேறு வழியைத் தேர்ந்தார். லாட்டி டைலர் என்பவருடன் நீண்டகாலம் உறவு கொண்டிருந்தபோதும் அதைப் பொதுவெளியில் பேசவில்லை. இசையிலிருந்து விலகி ஏறத்தாழ 20 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியபின், 1977இல் தமது 82ஆம் வயதில் மீண்டும் மேடையேறிப் பாராட்டுப் பெற்றார்.

கிளாடிஸ் பென்ட்லி

1907இல் பிலடெல்பியாவில் பிறந்த பென்ட்லி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் புகழ் பெற்றார். வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து, பியானோ வாசித்தபடி, மக்களிடையே வழங்கிய பாடல்களுக்குக் கொச்சையான சொற்களை இட்டுக்கட்டிப் பாடுவார். அவையிலுள்ள பெண்களிடம் காதல் மொழி பேசுவதும் அவரது நிகழ்ச்சியின் ஒரு பகுதி. மதுவிலக்கு நடப்பிலிருந்த அக்காலத்தில், இத்தகைய இரவு விடுதிகளுக்குக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் வந்தனர்.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தமும் 1933இல் மதுவிலக்கு நீங்கியதும் ஹார்லெம் விடுதிகளின் பொலிவைக் குறைத்தன. பென்ட்லி 1937இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1950களில் அமெரிக்க அரசு தன்பாலீர்ப்பினரைத் தேடிப் பிடித்துப் பணிநீக்கம் செய்தது. 1952இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட கையேடு தன்பாலீர்ப்பை உளநோயாகப் பட்டியலிட்டது. அதே ஆண்டில் 'எபனி' இதழில் பென்ட்லியின் கட்டுரை வெளிவந்தது. மருத்துவத்தால் தாம் மீண்டும் 'பெண்ணாக' மாறிவிட்டதாக அவர் அதில் எழுதினார். பாவாடை அணிந்து வீட்டு வேலை செய்யும் படங்களும் உடன் அச்சிடப்பட்டன. இது மனமாற்றமா, பிழைப்புக்கான தற்காப்பா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1960இல், 52ஆம் வயதில், அவர் காலமானார். அக்கையேட்டிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கும் முடிவு 1973இல்தான் எடுக்கப்பட்டது.

சான்றுகளை அணுகும் முறை

இவர்களைப் பற்றி ஆராய்வோர் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, பாடலில் வரும் 'நான்' எப்போதும் பாடுபவரைக் குறிப்பதில்லை. லூசில் போகன் 1935இல் ஆண்மைச் சாயலுடைய பெண்களைப் பற்றி ஒரு பாடலைப் பதிவு செய்தார். அதைக் கொண்டு மட்டும் அவருடைய வாழ்க்கையை முடிவு செய்ய இயலாது. இரண்டாவது, பாடலில் காணப்படாததால் வாழ்க்கையிலும் இல்லை எனக் கொள்ளவும் இயலாது. பென்ட்லி 1928இல் ஓகே நிறுவனத்துக்குப் பதிவு செய்தவை வழக்கமான புளூஸ் பாடல்களே. அவரைப் புகழ்பெறச் செய்த மேடைப் பாடல்கள் அவற்றில் இல்லை.

தாக்கம்

ஏஞ்சலா டேவிஸ் 1998இல் வெளியிட்ட நூலில், மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் ஆகியோரின் பாடல்களை உழைக்கும் கறுப்பினப் பெண்களின் பெண்ணியச் சிந்தனையாக விளக்கினார். பிற்காலத்தில் 1970இல் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட், 1992இல் கே. டி. லாங், 1993இல் மெலிசா எத்ரிட்ஜ் ஆகிய பாடகிகள் தங்கள் ஈர்ப்பு குறித்து வெளிப்படையாகப் பேசினர். 1928இல் மா ரெய்னி மெய்ப்பித்துக் காட்டுமாறு பாட்டில் விடுத்த சவாலை, இவர்கள் தாமே முன்வந்து சொல்லி முடித்துவைத்தனர்.