ஒரே மனையில் மூன்று மாளிகைகள்

அரசர்கள் கட்டிய அரண்மனையைக் குடியரசு வந்ததும் என்ன செய்வது? இடித்துத் தள்ளுவதா, பூட்டி வைப்பதா, ஜனங்களுக்குத் திறந்து விடுவதா? முடியாட்சியை விட்டு விலகிய தேசங்களுக்கெல்லாம் இந்தக் கேள்வி என்றேனும் ஒரு நாள் எழத்தான் செய்கிறது. ஜெர்மனியின் தலைநகரான பெர்லின், அறுபது வருஷ காலத்திற்குள் இருமுறை இதற்கு விடை சொன்னது. இருமுறையும் இடித்தே விடை சொன்னது.

நகரின் நடுவே ஸ்பிரே நதியிலுள்ள தீவொன்றில், 1443-ம் வருஷத்தில் அந்நாட்டுச் சிற்றரசர் ஒருவர் ஒரு கோட்டைக்கு அஸ்திவாரமிட்டார். 1700-ம் வருஷத்தையொட்டி ஆந்திரயாஸ் ஷ்லூட்டர் என்னும் சிற்பி அதைக் கம்பீரமான அரண்மனையாக மாற்றியமைத்தார். பிரஷ்ய மன்னர்களும், பின்னர் ஜெர்மன் சக்கரவர்த்திகளும் அங்கே கொலுவிருந்தார்கள். 1918 நவம்பர் 9-ம் தேதி முடியாட்சி வீழ்ந்தது. அன்றே கார்ல் லீப்னெக்ட் என்ற புரட்சித் தலைவர், அந்த அரண்மனை உப்பரிகையில் நின்று சோஷலிஸ்டுக் குடியரசைப் பிரகடனம் செய்தார்.

1945 பிப்ரவரியில் விழுந்த குண்டுகளால் அரண்மனை பற்றி எரிந்தது. ஆயினும் தடித்த சுவர்கள் சாயவில்லை. எஞ்சிய அறைகளில் மறு வருஷம் கண்காட்சிகூட நடைபெற்றது. ஆனால் கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை ஆட்சிக்கு அது பழைய ஆதிக்கத்தின் சின்னமாகவே தோன்றிற்று. கலை அறிஞர்கள் மன்றாடியும் பயனில்லை. 1950 செப்டம்பரில் வெடி வைக்கத் தொடங்கி, அவ்வருஷம் முடிவதற்குள் தரைமட்டமாக்கினார்கள். லீப்னெக்ட் நின்ற உப்பரிகையுடைய வாயிலை மட்டும் காப்பாற்றி, 1964-ல் அருகேயுள்ள அரசாங்கக் கட்டிடத்தில் பதித்தார்கள். அரசனின் வீட்டை வெறுத்தவர்களுக்கும் தங்கள் சரித்திரத்தில் ஒரு துண்டு அந்த வீட்டில்தான் இருந்தது!

வெறுமையாய்க் கிடந்த மனையில் 1976-ம் வருஷம் 'குடியரசு மாளிகை' எழுந்தது. வெண்சலவைக் கல்லும், செம்புநிறக் கண்ணாடியும் பூண்ட அம்மாளிகையில் சட்டசபை கூடியது. அதே கூரையின்கீழ் நாடகமேடை, உணவு விடுதிகள், பந்துருட்டும் ஆட்டக்கூடம் எல்லாம் இருந்தன. அடக்குமுறை ஆட்சியின் கட்டிடந்தான். எனினும் சாமானிய ஜனங்கள் ஆடிப் பாடி, விருந்துண்டு களித்த இடமும் அதுவே. 1990 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனியுடன் இணைவதென்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறிற்று. அடுத்த மாதமே, கட்டிடமெங்கும் கல்நார் நஞ்சு இருப்பதாகச் சொல்லிக் கதவைப் பூட்டினார்கள்.

2003-ம் வருஷத்திற்குள் கல்நாரையெல்லாம் அகற்றிவிட்டார்கள். நோய் தீர்ந்த பின்னர்தான் மரண தண்டனை நிறைவேறிற்று! பழைய அரண்மனையின் முகப்பை மீண்டும் எழுப்புவதென்று 2002 ஜூலையிலேயே பார்லிமெண்டு முடிவு செய்திருந்தது. 2006-லிருந்து 2008 வரையில் குடியரசு மாளிகை துண்டு துண்டாகக் கழற்றப்பட்டது. "அரசர்களின் ஞாபகத்திற்குள்ள மதிப்பு எங்கள் ஞாபகத்திற்கு இல்லையா?" என்று கிழக்குப் பகுதி ஜனங்கள் பலர் மனம் வருந்தினார்கள். அதில் நியாயமில்லை என்று யார் சொல்ல முடியும்?

இத்தாலியரான பிராங்கோ ஸ்டெல்லாவின் திட்டப்படி எழுந்த மூன்றாவது மாளிகைக்குச் சுமார் 68 கோடி யூரோ செலவாயிற்று. மூன்று புறங்களில் பழைய சிற்ப வேலைப்பாடு. நதியை நோக்கிய நாலாவது புறமும் உள்ளேயும் புதுமாதிரி. ஹும்போல்ட் மன்றம் என்ற பெயருடன், 2021 ஜூலையில் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட இம்மாளிகையில், ஆசிய ஆப்பிரிக்கக் கலைச் செல்வங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. உடனே மற்றொரு கேள்வி பிறந்தது: இவை இங்கே எப்படி வந்தன? 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைச் சூறையாடி எடுத்துச் சென்ற உலோகச் சிற்பங்களில் பல பெர்லினுக்கு வந்திருந்தன. அவை உள்ளிட்ட 500-க்கு மேற்பட்ட பொருள்களின் உரிமையை 2022-ம் வருஷத்தில் நைஜீரியாவுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

அவ்வருஷ டிசம்பரில் மாளிகையின் முன்னே நமது சாஞ்சி ஸ்தூபத்தின் கிழக்குத் தோரணத்தைப் போன்றதொரு கல் தோரணம் நிறுவப்பட்டது. அது அசல் அல்ல, நகல். அசல் சாஞ்சியிலேயே நிற்கிறது. அதன் பின்னே நிற்கும் அரண்மனை முகப்பும் நகல்தான். அதற்கோ அசல் எங்குமே இல்லை. கையில் இருந்ததைக் காத்திருந்தால் இவ்வளவு பொருளும் மனஸ்தாபமும் மிஞ்சியிருக்கும். கல்லை இடிக்கச் சில மாதங்கள் போதும். இடித்ததை மறக்கவோ ஜனங்களுக்கு ஒரு தலைமுறையும் போதுவதில்லை.