4,200 மணி ஓடிய மினி டிராக்டர்: வாங்கலாமா?

வணிகர் பத்திரிகையில் டிராக்டருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். புளியங்குடியில் மளிகைக் கடையோ மண்டியோ வைத்திருப்பவர்களில் பலருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நாலைந்து ஏக்கர் எலுமிச்சைத் தோப்பும் உண்டு. கடையில் நாலு காசு சேர்ந்தால் அது தோப்புக்குத்தான் போகும். தோப்புக்குப் போகிற பணம் சமீப காலமாகப் பழைய மினி டிராக்டரில் போய் விழுகிறது. சங்கக் கூட்டத்துக்கு வந்த நண்பர்கள் மூன்று பேர் இதைப் பற்றி நம்மிடம் விசாரித்தார்கள். நாமே அப்படி ஒரு வண்டியை விலை பேசிவிட்டு வந்த சமயம் என்பதால், நடந்ததை அப்படியே எழுதுகிறோம்.

வண்டி 18 குதிரைத்திறன். ஹவர் மீட்டரில் 4,200 மணி. கேட்ட விலை 2,10,000 ரூபாய். பெயிண்ட் அடித்துப் புதுப்பெண் போல நிறுத்தியிருந்தார்கள்.

மினி டிராக்டர் ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எலுமிச்சையை 15, 18 அடி இடைவெளியில் நடுகிறோம். பத்து வருஷத்தில் கிளைகள் படர்ந்து தரையைத் தொடும். பெரிய டிராக்டர் உள்ளே போனால் காயும் கிளையும் சேர்ந்து வரும். மூன்றடி, மூன்றரை அடி அகலமுள்ள சிறிய வண்டி நுழைந்து வந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலுமிச்சைக்கு உணவு எடுக்கும் வேர்கள் மேலாகவே ஓடுகின்றன. ஆழமாக உழுதால் வேர் அறுந்து மரம் வாடும். ஆகவே தோப்பில் டிராக்டருக்கு உள்ள வேலை நாம் நினைப்பதைவிடக் குறைவு. களைக்கு மேலாக ஒரு ஓட்டு, எரு இழுப்பது, மருந்து அடிப்பது, காய் மூட்டையைக் களத்துக்குக் கொண்டுவருவது, அவ்வளவுதான். நமது ஆறு ஏக்கருக்குச் சென்ற ஆண்டு வாடகை கொடுத்த சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தோம். 80 மணி நேரம் வந்தது. இருநூறு இருக்கும் என்று மனதில் நினைத்திருந்தோம்.

ஹவர் மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். 1997-ல் நாம் ஒரு பழைய டிராக்டர் வாங்கி ஏமாந்தது இதில்தான். மீட்டர் 2,000 மணி காட்டியது. மூன்றாவது மாதம் என்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. மீட்டர் கேபிள் எப்போதோ அறுந்துபோயிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. விற்றவரிடம் கேட்டால், "ஓடுகிற வண்டியைத்தானே அண்ணாச்சி கொடுத்தேன்" என்றார். அதுவும் பொய்யில்லை.

கேபிளில் ஓடும் மீட்டர் கடிகாரம் மாதிரி மணியை எண்ணுவதில்லை. என்ஜின் சுற்றும் வேகத்தைக் கொண்டு எண்ணுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி ஏறும். மெதுவாக ஓடினால் குறைவாகவே ஏறும். மின்சார மீட்டர் உள்ள வண்டிகளில் கணக்கு வேறு. ஆக, 4,200 என்பது ஒரு தகவல் மட்டுமே. கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறதா, சீட்டுக்கு அடியில் உள்ள தகடு தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங்கில் எத்தனை விரற்கடை ஆட்டம் இருக்கிறது என்று பார்த்தால் மீட்டர் சொல்வது மெய்யா பொய்யா என்பது தெரியும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 700 மணி ஓடியதாகச் சொல்லும் பத்து வருஷத்து வண்டியில் போன வருஷத்து டயர் இருந்தால், பழைய டயர் எங்கே தேய்ந்தது என்று கேட்க வேண்டியதுதான்.

நமக்கு மெக்கானிக் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல், காலை ஆறரை மணிக்கே போனோம். தம்பி முதல் வேலையாக என்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று குளிர்ந்துதான் இருந்தது. விற்கிறவர் அந்த அளவில் யோக்கியர். இரண்டாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆயிற்று. புகை கொஞ்ச நேரத்தில் தெளியவில்லை, கறுப்பாகவே வந்தது. "நாசிலும் பம்பும் பார்க்கணும் அண்ணாச்சி. நீலப் புகை வரலை, அதனால ரிங் பரவாயில்லை" என்றார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார், இல்லை. (இதை என்ஜின் சூடாகும் முன்பே பார்த்துவிட வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.) பின்னால் கலப்பையை மாட்டி மேலே தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வருவதற்குள் கலப்பை தரையில் இருந்தது. லிஃப்டில் எண்ணெய் கசிகிறது. கிளட்ச் பிளேட் முடிந்துபோன நிலை. பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். எல்லாமாக அறுபதாயிரம் என்று தம்பி எழுதிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி கடைக் கணக்கு முடித்தபின் இந்தக் கணக்கைப் போட்டோம். வண்டியும் வேலையும் சேர்த்து 2,70,000. அதற்கு 12 சதவீத வட்டி வருஷத்துக்கு 32,400. ஏழு வருஷம் கழித்து 60,000-க்குப் போகும் என்று வைத்தால் தேய்மானம் 30,000. இன்ஷூரன்ஸ் முதலானவை 5,000. ஆக, வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலே வருஷத்துக்கு 67,400 செலவு. ஓட்டினால் மணிக்கு டீசல் 210, ஓட்டுகிறவர் கூலி 130, ரிப்பேருக்கு 200, மொத்தம் 540. வாடகைக்கு எடுத்தால் மணிக்கு 900 கொடுக்கிறோம். ஒரு மணிக்கு மிச்சம் 360. 67,400-ஐ 360-ஆல் வகுத்தால் 187 மணி வருகிறது. நமக்கு இருப்பதோ 80.

புதிய வண்டிக்கும் போட்டுப் பார்த்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நமக்கு முன்பு நாலு லட்சம் சொன்ன வண்டி, வரிக் கணக்குப்படி 3,75,000-க்கு வர வேண்டும். வட்டி 45,000, பத்து வருஷத்தில் 1,40,000-க்கு விற்பதாக வைத்துத் தேய்மானம் 23,500, இன்ஷூரன்ஸ் 6,000. ரிப்பேர் மணிக்கு நூறு போதும் என்பதால் மிச்சம் 460. இதற்கு 162 மணி வேலை இருந்தால் கட்டும். புதுசுக்கு 162, பழசுக்கு 187! தப்பாகப் போட்டோமோ என்று இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்தோம். பழைய வண்டியின் விலையை வரி குறைவதற்கு முந்திய மனக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

தம்பி மகன் சும்மா இருக்கவில்லை. "தோப்பு வேலை இல்லாத நாள்ல டிரெய்லரை மாட்டி மண்டிச் சரக்கு ஏத்தலாமே பெரியப்பா, மத்த கடைக்காரங்களும் வாடகை கொடுப்பாங்க" என்றான். இந்த யோசனை நம் வணிகர்கள் எல்லாருக்கும் வரும். ஆர்.சி. புத்தகத்தில் விவசாய டிராக்டர் என்று பதிவான வண்டி விவசாய வேலைக்குத்தான். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் அது வேறு வகை வாகனம், வேறு பதிவு, வேறு வரி. டிரெய்லருக்கும் தனிப் பதிவு, தனி இன்ஷூரன்ஸ் வேண்டும். அரிசி மூட்டை ஏற்றிப் போகையில் ஒரு சைக்கிள்காரர் மேல் பட்டுவிட்டால், விவசாயத்துக்கு என்று எடுத்த இன்ஷூரன்ஸில் கம்பெனி தகராறு செய்யும். நஷ்டஈடு கடை முதலிலிருந்து போகும்.

காகிதத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டியின் பேரில் ஃபைனான்ஸ் பாக்கி நின்றது. பாக்கி தீர்ந்ததற்கான படிவம் 35 இல்லாமல், பெயர் மாற்றத்துக்கான 29-லும் 30-லும் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் துடைத்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம், சரியாக இருந்தன. விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய டெம்போவைக் கைமாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கும் அண்ணாச்சிமார் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

பக்கத்துத் தோப்பு மைத்துனருடையது. அவருக்கு 60 மணி வேலை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 140. திரும்பக் கணக்குப் போட்டதில், வண்டி 1,50,000-க்கு வந்தால் 143 மணியில் கட்டும் என்று தெரிந்தது. நமது எல்லை அதுதான். 1,50,000, ஃபைனான்ஸ் பாக்கியை அவரே தீர்த்து, புத்தகம் நம் பெயருக்கு வந்த அன்று முழுப் பணம் என்று சொன்னோம். அவர் 1,90,000 வரை இறங்கினார். காகிதத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

சொந்தமாக மினி டிராக்டர் வைத்து ஓட்டும் பையன் ஒருவரிடம், வருஷத்துக்கு 80 மணி உறுதி, பாதிப் பணம் முன்பணம் என்று பேசி, மணிக்கு 850-க்கு முடித்தோம். அவசரத்துக்கு வண்டி கிடைக்காது என்ற குறை பாதி தீர்ந்தது. மழைக்கு மறுநாள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் வாசுதேவநல்லூர் போகும் வழியில் அந்த வண்டி வேறொருவர் தோப்பில் நிற்பதைப் பார்த்தோம். வாங்கினவர் தெரிந்தவர்தான். புத்தகம் பெயருக்கு வந்துவிட்டதா என்று கேட்டோம்.

"வந்துரும் அண்ணாச்சி" என்றார். கலப்பை தரையில் கிடந்தது.