கடலுக்குள் ஒரு கோயில். கரையில் ஒரு குரு

நம் கோபாலபுரத்தில் கடல் இல்லை. தென்னந்தோப்புகளும் மாநில எல்லையும்தான் உண்டு. இருந்தும், சென்ற ஓணம் விடுமுறைக்கு வந்த என் பேரன், "தாத்தா, புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் படிக்கப் போறேன். அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். அவனுக்கு வயது பதினேழு. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். சிறு வயதில் அவனுக்கு வீஸிங் இருந்தது. அதை நினைத்து அவன் பாட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்கு டைவர்கள் புதிதல்லர். ரயில்வேயில் பாலப் பணியில் இருந்தபோது, தூண்களின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று பார்க்க அவர்களை ஆற்றில் இறக்குவோம். ஒரு மூத்த டைவர், புதுப் பையன் இறங்கும்போது கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். டீ வந்தாலும் வாங்கமாட்டார்.

ஸ்கூபா என்பது காற்றைக் கூடவே எடுத்துச் செல்லும் முறை. 1943ல் பிரான்ஸ் நாட்டில் கூஸ்தோ, காஞ்ஞான் என்ற இருவர் இதற்கான ரெகுலேட்டரை அமைத்தனர். நம் ரயில் பெட்டியின் பிரேக் குழாயில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. டைவரின் சிலிண்டரிலோ சுமார் 200 கிலோ! அதை இரண்டு கட்டமாகக் குறைத்து, மூச்சிழுக்கும்போது மட்டும் தருவதே ரெகுலேட்டரின் வேலை.

12 லிட்டர் சிலிண்டரில் அடங்கும் காற்று சுமார் 2400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்குக் கரையில் 120 நிமிடம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு. ஆகவே 40 நிமிடம்தான். அதிலும் ஒரு பங்கை மிச்சம் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

ஆபத்து இறங்குவதைவிட ஏறுவதில்தான் அதிகம். 10 மீட்டரில் மூச்சை நிரப்பி, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரியும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியிடும். அமெரிக்காவில் புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது, அழுத்தக் காற்று அறையில் வேலை செய்த பலரை இந்த நோய் தாக்கியது; தலைமைப் பொறியாளர் ரோப்ளிங்கும் 1872ல் முடங்கினார். ஆகவே மூச்சை அடக்காதே, மெள்ள ஏறு, தனியாகப் போகாதே என்பவை முதல் பாடங்கள்.

இனி நம்மவர் அறிய வேண்டிய ஒரு கதை. திருகோணமலைக் கோணேசுவரர் கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ம் நூற்றாண்டில் இடித்தனர். 1956ல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அந்த மலையடிக் கடலில் மூழ்கியபோது, கோயில் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடப்பதைக் கண்டனர். இலங்கைக் கடலை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் ராட்னி ஜோங்க்ளாஸ் என்ற விலங்கியல் அறிஞர். அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் சென்றது. 1961ல் வில்சன் இரண்டு சிறுவர்களுடன் கிரேட் பாஸஸ் பாறைத்திட்டில் மூழ்கியபோது, ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. 1702ல் சூரத்தில் அச்சிட்டவை! கிளார்க் பின்னாளில் ஹிக்கடுவையில் டைவிங் பள்ளியே நடத்தினார். 2004 சுனாமி அதை அழித்தது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். அவன் கண் வெள்ளி ரூபாயிலேயே நின்றது. "சரி, உனக்குக் கற்றுத்தருபவர் யார்? சான்றிதழ் உண்டா? ஒரு தடவைக்கு எத்தனை பேரை இறக்குவார்? உன் வீஸிங்கை அவரிடம் சொன்னாயா?" என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. சுருங்கிய மூச்சுக்குழலில் காற்று சிக்கினால் ஏறும்போது உயிருக்கே ஆபத்து என்று விளக்கினேன்.

அடுத்த மாதம் கோவையில் நுரையீரல் டாக்டரிடம் காட்டுகிறோம். அவர் சரியென்றால் அவன் அப்பாவிடம் நானே பேசுவேன். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவதாக, பாட்டி முன்னால் சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் ஆசைப்பட்டதற்கெல்லாம் தடை போட வேண்டாம், அன்பர்களே. ஆனால் மேலே கயிற்றைப் பிடிப்பவர் யார் என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.