பழைய ரிவால்வருக்கு என்ன விலை கொடுக்கலாம்?

அமெரிக்காவில் ஒரு பெரியவர் காலமான பிறகு அவருடைய அலமாரியிலிருந்து ரிவால்வர் ஒன்று வெளிவருவது சாதாரணம். அதன் மதிப்பு கடைக்காரருக்குத் தெரியும், குடும்பத்தாருக்குத் தெரியாது. கணவரின் துப்பாக்கியை விற்க வரும் பெண்மணி அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவது இதனால்தான். வாங்குபவர்களும் ஏமாறுகிறார்கள், பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்து. அடிக்கடி கைமாறும் ஒரு மாடலை வைத்தே விலைக் கணக்கைப் பார்ப்போம்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19.

இது 1955இல் வந்தது. வலுவான .357 மேக்னம் தோட்டாவைச் சுடும். ஆனாலும் நாள் முழுக்க இடுப்பில் சுமக்கிற எடைதான். எல்லைக் காவல் அதிகாரி பில் ஜோர்டான் கேட்டுக்கொண்டதன் பேரில் உருவானது. 1957இல் மாடல் எண் பெற்றது. 1999இல் தயாரிப்பு நின்று, 2018இல் மீண்டும் தொடங்கியது.

எந்தக் காலத்துத் துப்பாக்கி என்று முதலில் பாருங்கள். சிலிண்டரை வெளியே சாய்த்தால், உள்பக்கம் 19-3, 19-4 என்று பதிப்பு எண் பொறித்திருக்கும். 1982இல் வந்த 19-5 முதல், குழலை உடலோடு பிணைக்கும் சிறிய ஆணியைக் கம்பெனி விட்டுவிட்டது. ஆணி உள்ள பழையவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். சுடுவதற்காக மட்டும் வாங்குபவர் அந்தக் கூடுதல் தொகையைத் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அடுத்து இயந்திரம். தோட்டா இல்லை என்பதை ஒவ்வொரு அறையாகப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு, சிலிண்டரிலிருந்து வரும் குண்டு குழலுக்குள் நுழையும் பின்வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். மாடல் 19இன் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. சின்ன உடலுக்குள் இடம் போதாமல், அந்த வாயின் அடிப்பக்கத்தைச் சீவித் தட்டையாக்கியிருப்பார்கள். வேகமாகப் பாயும் 125 கிரெய்ன் மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டால் சரியாக அந்த மெல்லிய இடத்தில் விரிசல் விடும். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தாலும் பேரத்தை நிறுத்திவிடலாம். பழைய குழலுக்கு மாற்று கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் மாட்டும் கூலி விலையைத் தின்றுவிடும்.

உடைமையாளரிடம் அனுமதி கேட்டு, சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹாமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் இதையே செய்து பாருங்கள். ஒன்று மட்டும் பிந்துவதும் உண்டு. இழுத்து நிறுத்திய ஹாமரைக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளினால் அது விழக்கூடாது. விழுந்தால் உள்ளே யாரோ அரத்தால் விளையாடியிருக்கிறார்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடினால் அதைச் சரிசெய்யும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள். சிலிண்டரைச் சுற்றி விழுந்த மெல்லிய கோடு சாதாரணத் தேய்மானம். உறையில் உரசி முனை வெளுத்திருப்பதும் அப்படியே.

பயப்பட வேண்டியது மறு மெருகுக்குத்தான். பொறித்த எழுத்துகள் மங்கி, கூர்மையான விளிம்புகள் உருண்டு, திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருந்தால், தேய்த்துப் புதிதாக நீலமேற்றியிருக்கிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார். அங்கங்கே நிறம் போனாலும் தொழிற்சாலை மெருகு அப்படியே இருப்பதற்குத்தான் நல்ல விலை. சீரியல் எண் ஒத்துப்போகும் அசல் பெட்டி இருந்தால் இன்னும் மேலே போகும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால், தெரியாதவர் திறந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகே விலைக்கு வாருங்கள். புளூ புக் போன்ற விலைப் புத்தகங்கள் தோராயமான அளவைக் காட்டும். ஆன்லைன் ஏலங்களில் விற்பவர் கேட்கும் தொகையை நம்ப வேண்டாம். முடிந்த ஏலங்களில் அதே பதிப்பு, அதே குழல் நீளம், அதே நிலையில் உள்ள துப்பாக்கி எவ்வளவுக்குப் போனது என்று நாலைந்து விற்பனைகளையாவது பாருங்கள். கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துத்தான் கொடுப்பார் என்பதால், விற்கப் போகிறவர்கள் இந்தத் தொகை முழுவதையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போனால், பாதிக்கும் கீழே கேட்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். வாங்குபவர் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வேறு மாநிலத்துக்காரரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்கினால், கூட்டாட்சிச் சட்டப்படி அது வாங்குபவரின் மாநிலத்தில் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் கைக்கு வரும். அவருடைய கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்ந்ததே நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை.