தண்டவாளத் தடங்கள் – 9: தீவில் முதுமை கண்ட சுரங்கப் புகையிரதம்

பெருநகரங்களின் நிலத்தடியில் ஓடும் புகையிரதப் பெட்டிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்டதும் பெரும்பாலும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோகின்றன. லண்டனின் 1938ஆம் ஆண்டு வகைப் பெட்டிகளுள் சில மட்டும் அந்த முடிவுக்குத் தப்பி, நகரத்தை விட்டு இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2021 ஜனவரி 3ஆம் திகதி வரை அன்றாடப் பயணிகளைச் சுமந்தன. பிரித்தானியத் தேசியப் புகையிரத வலைப்பின்னலில் வழக்கமான சேவையில் இருந்தவற்றுள் அக்காலத்தில் அவையே மிகப் பழையவை.

இப்பெட்டிகள் காக்கத் தக்கவை என்பதற்கான முதற்காரணம் அவற்றின் அமைப்பில் இருக்கிறது. லண்டனின் ஆழச் சுரங்கங்கள், தெருவைத் தோண்டி மேலே மூடிய அகன்ற பாதைகள் அல்ல. களிமண்ணைக் குடைந்து உருவாக்கிய, ஏறத்தாழ 3.56 மீற்றர் விட்டமுள்ள குழாய்களே அவை. ஆதலால் அவற்றில் ஓடும் பெட்டிகள் குள்ளமாகவும் கூரை வளைந்தும் அமைந்தன. முந்தைய வகைகளில் சாரதியின் அறைக்குப் பின்னால் மின்கருவிகளுக்கெனத் தனி அறை ஒன்று இருந்து, பயணிகளுக்குரிய இடத்தில் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டது. லண்டன் போக்குவரத்துச் சபையின் பொறியியலாளர் கிராஃப் பேக்கரின் பொறுப்பில் வடிவமைக்கப்பட்ட 1938ஆம் ஆண்டு வகை, அந்தக் கருவிகள் அனைத்தையும் தளத்துக்குக் கீழே ஒடுக்கி, பெட்டி முழுவதையும் பயணிகளுக்கே விட்டுக்கொடுத்தது. அதன்பின் வந்த லண்டன் சுரங்கப் பெட்டிகள் எல்லாம் இந்த வழியையே பின்பற்றின.

இத்தகைய பெட்டி வைட் தீவுக்குப் போன காரணம் மன்னார்த் தீவின் வாசகருக்கு எளிதில் விளங்கும். அத்தீவின் வடகரையிலுள்ள ரைட் நகரில், கப்பற் பயணிகள் நேரே புகையிரதத்தில் ஏறும்படி தண்டவாளம் கடலுக்குள் நீண்ட இறங்குதுறையின் முனைவரை செல்கிறது. தலைமன்னார் இறங்குதுறையில் 1914 மார்ச் முதல் தனுஷ்கோடிக் கப்பலுக்காக நடைபெற்ற ஏற்பாடும் இதுவேதான். ரைட் நகரின் சுரங்கத்தில் வெள்ளம் தேங்குவதைக் குறைக்கத் தண்டவாளத்தின் தளம் உயர்த்தப்பட்டதால், சாதாரண உயரமுள்ள பெட்டிகள் அதற்குள் நுழைய இயலாமற் போயிற்று. 1966 டிசம்பர் 31உடன் நீராவி இயந்திரங்களின் சேவை முடிவடைய, 1967இல் பாதை மின்மயமாகி லண்டனின் பழைய குள்ளப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவையும் தேய்ந்தபின் 1989இல் 1938ஆம் ஆண்டு வகை அவற்றின் இடத்தைப் பிடித்தது.

வருமுன் அவற்றில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. லண்டன் சுரங்கப் பாதையில் ஓடுதண்டவாளங்கள் இரண்டோடு மின்னைத் தரும் மூன்றாவதும், அதைத் திருப்பி அனுப்பும் நான்காவதும் உண்டு. தீவிலோ மூன்றே தண்டவாளங்கள். ஆகவே மின்சுற்று திருத்தி அமைக்கப்பட்டது. திருத்த முடியாதது உவர்க்காற்று. இருபுறமும் கடல் சூழ்ந்த இறங்குதுறையில் நாள்தோறும் நின்றுவந்த உருக்குப் பெட்டிகளின் அடிச்சட்டங்களில் கறள் ஏறியதைத் மன்னாரின் தாழ்வுபாட்டுக் கரையில் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைப் பேணும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசி ஆண்டுகளில் ஓடத் தகுதியான அலகுகளின் எண்ணிக்கை குறைந்து, உதிரிப்பாகங்களுக்காக ஒன்றைக் கழற்றி இன்னொன்றை ஓட்டும் நிலை உருவாயிற்று.

சேவை முடிந்ததும் 483007 என்ற எண்ணுள்ள இருபெட்டி அலகு, அதே தீவின் ஹேவன்ஸ்ட்ரீட்டிலுள்ள வைட் தீவு நீராவிப் புகையிரதச் சங்கத்துக்குக் கையளிக்கப்பட்டது. 1971 ஜனவரியில் நீராவி இயந்திரம் ஒன்றையும் பழைய பெட்டிகளையும் நியூபோட்டிலிருந்து ஹேவன்ஸ்ட்ரீட்டுக்கு நகர்த்திய ஆர்வலர்களிடமிருந்து வளர்ந்த சங்கம் அது. நீராவியை மீட்க எழுந்த அமைப்பு, நீராவியின் இடத்தைப் பிடித்த மின்புகையிரதத்தையும் தன் தீவின் வரலாறாக ஏற்றுக்கொண்டது பெருமைக்குரிய செயல்.

லண்டனில் இத்தகைய பணி அக்ரன் நகரிலுள்ள போக்குவரத்து அருங்காட்சியகக் களஞ்சியத்தில் நடைபெறுகிறது. அங்கே பாதுகாக்கப்படும் நான்கு பெட்டிகள் கொண்ட 1938ஆம் ஆண்டுப் புகையிரதம் சிறப்புப் பயணங்களில் ஓடியிருக்கிறது. 1971இல் டிஸ்ரிக்ட் பாதையிலிருந்து விலக்கப்பட்ட 'கியூ' வகைப் பெட்டிகளையும் தொண்டர்கள் அங்கே புதுப்பித்து வருகின்றனர். மேற்பூச்சைச் சுரண்டினால் அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் எந்த ஆண்டின் நிறத்துக்குத் திரும்புவது என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். இருக்கைகளுக்கு 'மொக்கெற்' எனப்படும், மயிர்போன்ற பரப்புடைய கம்பளித் துணியைப் பழைய கோலத்திலேயே நெய்விக்க வேண்டும். வெப்பத்தடுப்புக்கு இடப்பட்ட அஸ்பெஸ்டஸை உரிய அனுமதி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும். மோட்டாருக்குச் செல்லும் மின்னைப் படிப்படியாகக் கூட்டுவதற்குக் காற்றழுத்தத்தால் சுழலும் தண்டு ஒன்று 1938ஆம் ஆண்டு வகையில் உண்டு. அதன் தொடுமுனைகள் எந்த வரிசையில் இணைய வேண்டும் என்பது வரைபடத்தில் இருந்தாலும், அது ஒழுங்காக இயங்குகிறதா என்பதை ஒலியைக்கொண்டே அறிபவர் அதனோடு பழகிய தொழிலாளி மட்டுமே.

பெட்டியைவிட இந்த அறிவே விரைவில் அழிகிறது. இவ்வகைப் பெட்டியின் கதவுகளைச் சாரதி அல்ல, கடைசிப் பெட்டியில் பயணிகளின் அருகே நின்ற பாதுகாவலர் பொத்தான்களை அழுத்தித் திறந்து மூடினார். லண்டன் சுரங்கப் பாதைகளில் இத்தொழில் 2000 ஜனவரியுடன் மறைந்தது. வைட் தீவிலோ 1938ஆம் ஆண்டு வகையின் கதவுகளை 2021 வரையும் பாதுகாவலரே இயக்கினர். தீவில் கிடைத்தவை பழைய பெட்டிகள் மட்டுமல்ல, அவற்றை நேற்றுவரை இயக்கிய மனிதர்களும்தான். ஓய்வுபெற்ற அத்தகையோர் இருக்கும்போதே ஆர்வலர்கள் சேர்ந்தால் புகையிரதம் உயிரோடு மீளும். இருபது ஆண்டு கழித்துச் சேர்ந்தால் அழகிய கூடு மட்டுமே மீளும்.

மன்னார்த் தீவில் அத்தகைய இடைவெளி ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. 1980களின் முற்பகுதியில் அதுவும் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச் 14ஆம் திகதி இந்திய உதவியுடன் தலைமன்னார் இறங்குதுறைவரை பாதை மீண்டும் திறக்கப்பட்டபோது ஓடியவை புதிய தண்டவாளத்தில் வேறு தலைமுறைப் பெட்டிகள். கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட தேசியப் புகையிரத அருங்காட்சியகம் இயந்திரங்களைப் பேணுகிறது. ஆயினும் கப்பலும் புகையிரதமும் சேர்ந்து இயங்கிய இத்துறையின் வேலைமுறை எந்த இயந்திரத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை. இறங்குதுறையின் இறுதிக்காலத்தில் இளைஞர்களாக வேலைசெய்தவர்கள் இன்று அறுபது கடந்தவர்கள். கப்பல் பிந்தியபோது வண்டி எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது, சுங்கச் சோதனைக்குப் பின் பயணப்பொதிகள் எந்த ஒழுங்கில் பெட்டிகளில் ஏற்றப்பட்டன, கடல் பொங்கிய நாட்களில் இறங்குதுறை முனைவரை வண்டியைக் கொண்டுசெல்ல யாருடைய உத்தரவு வேண்டியிருந்தது ஆகிய கேள்விகளை அவர்களிடம் கேட்டு, விடைகளைப் பெயரோடும் ஆண்டோடும் பதிந்து வைக்கும் வேலையைத் தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு ஆகிய ஊர்களின் சனசமூக நிலையங்கள் இவ்வாண்டிலேயே தொடங்க முடியும். பெட்டி ஒன்றைத் தேடிக் கொண்டுவரும் முயற்சி அதன் பின்னர் நடக்கட்டும்.